கைக்குள் இருக்கும் கணினி யாருடையது?

சென்ற மாதம் அம்மாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். பழையதில் இருந்த படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் மாறிவிட்டன. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அம்மாவுக்காக நானே எழுதிய ஒரு சின்னச் செயலி.

அதை அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, நிறுவுவதற்காகத் தொட்டேன். திரையில் எச்சரிக்கை எழுந்தது. இந்தச் செயலி ஆபத்தான அனுமதிகளைக் கேட்கிறது, மோசடிக்குப் பயன்படக்கூடும், ஆகவே தடுக்கப்பட்டது. கீழே ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான். ‘பரவாயில்லை, நிறுவு’ என்று சொல்ல இடமே இல்லை.

அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ எழுதினதுதானே? போனும் நம்ம காசுல வாங்கினதுதானே? அப்புறம் ஏன்டா அது வேண்டாங்குது?”

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையடக்கக் கணினிகளில் நிரல் எழுதி வருகிறேன். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

அந்தச் செயலி என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். தமிழ் நாளிதழை விளம்பரம் விடாமல் படிப்பார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். பலதுறை மருந்தகத்திலிருந்து வரும் குறுஞ்செய்திகளோ ஆங்கிலத்தில் இருக்கும். ஒருமுறை கண் பரிசோதனைக்கான தேதி அப்படி வந்து, ஏதோ விளம்பரம் என்று அவர் விட்டுவிட்டார். நீரிழிவு உள்ளவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. அடுத்த தேதி கிடைக்கும்வரை நான் பட்ட கவலையில் பிறந்ததுதான் இந்தச் செயலி. மருந்தகத்தின் குறுஞ்செய்தி வந்தால் அதிலிருக்கும் நாளையும் நேரத்தையும் பிரித்தெடுத்துத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும். காலை, இரவு மாத்திரைகளையும் நினைவூட்டும். அவ்வளவுதான். அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதாவது அது திறந்த மூல மென்பொருள்.

‘சரி’ என்று சொன்ன முதல் கருவி

அம்மாவின் கேள்வி என்னை 2003ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோனது. அப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு பழைய ஷார்ப் ஸாரஸ் எஸ்எல்-5500 வாங்கினேன். உள்ளங்கை அளவு. மூன்றரை அங்குலத் திரை. கீழ்ப்பகுதியை இழுத்தால் குட்டி விசைப்பலகை எட்டிப்பார்க்கும். 206 மெகாஹெர்ட்ஸ் செயலகம், 64 மெகாபைட் நினைவகம். இன்று ஒரு நல்ல கைப்பேசிப் படம் நாலைந்து சேர்ந்தாலே அந்த நினைவகம் பாதி நிறைந்துவிடும்.

ஆனால் அதற்குள் ஓடியது லினக்ஸ். நிறுவனங்களின் பெரிய வழங்கிகளில் ஓடும் அதே லினக்ஸ், என் சட்டைப்பையில். முனையத்தைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டினால் மறுபேச்சில்லாமல் செய்யும். பைத்தானை ஏற்றி, பேருந்து நேரங்களைக் கணக்கிடும் பத்து வரி நிரல் எழுதினேன். ‘நீ யார், எங்கே பதிவு செய்தாய்’ என்று அது கேட்கவில்லை. ஓட்டியது. வீட்டுக் கணினியில் நிரல் எழுதிய அனுபவம் எனக்கு ஏற்கெனவே இருந்தது. இருந்தாலும் நான் எழுதிய ஒன்று என்னோடு பேருந்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

லினக்ஸ் கருவகம் ஜிபிஎல் என்ற உரிமத்தின்கீழ் வருவது. அதை வைத்துக் கருவி செய்து விற்பவர், தாம் மாற்றிய கருவகத்தின் மூலநிரலையும் வாங்கியவருக்குத் தர வேண்டும். இந்த ஒரு விதியால், ஷார்ப் தந்த மூலநிரலைக் கையில் எடுத்துக்கொண்டு பல நாட்டு ஆர்வலர்கள் ‘ஓபன்ஸாரஸ்’ என்ற மாற்று இயங்குதளத்தை உருவாக்கினார்கள். நிறுவனம் கொடுத்ததைவிடப் புதியது, வசதிகள் கூடியது.

அதை ஏற்றிய இரவு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு கோப்புகளை நினைவட்டையில் போட்டு, அட்டையைச் செருகி, சி, டி என்ற இரு விசைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தில் இருக்கும் மீட்டமைப்புப் பொத்தானைக் குத்த வேண்டும். முன்னால் இரண்டு சிறு விளக்குகள் எரியும். அவை அணையும்வரை தொடக்கூடாது. நடுவில் மின்சாரம் போனால் கருவி வெறும் பிளாஸ்டிக் கட்டியாகிவிடலாம். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்குகள் அணைந்தன. புதிய திரை வந்தது.

ஸாரஸ் வரிசை சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. சின்னச் சின்னக் கருவிகளுக்கு லினக்ஸைக் கட்டித் தருவதற்கு ஓபன்ஸாரஸ் ஆர்வலர்களும், காம்பேக் ஐபேக் போன்ற மற்றக் கையடக்கக் கருவிகளில் உழைத்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து 2003இல் ஒரு பொதுக் கருவிப்பெட்டியை உருவாக்கினார்கள். அதன் பெயர் ஓபன்எம்பெடட். பின்னர் லினக்ஸ் அறநிறுவனத்தின் யோக்டோ திட்டத்திற்கு அதுவே அடித்தளமானது. இன்று எல்ஜி தொலைக்காட்சிகளில் ஓடும் வெப்ஓஎஸ் கட்டப்படுவதும் அந்தக் கருவிப்பெட்டியை வைத்துத்தான். கடையில் விலைபோகாமல் மறைந்த ஒரு கையடக்கக் கருவிக்காகச் சிலர் இராத்தூக்கம் விட்டு எழுதிய வேலை, இன்று பலருடைய வரவேற்பறையில் நாடகம் காட்டிக்கொண்டிருக்கிறது.

கைவிடப்பட்ட பிறகும்

அடுத்து என் கைக்கு வந்தது நோக்கியா என்900. 2009ஆம் ஆண்டு இறுதியில் விற்பனைக்கு வந்தது. தொலைபேசி என்று பெயர். உள்ளே இருந்தது டெபியன் லினக்ஸை ஒட்டிய மேமோ என்ற முழுக் கணினி. மேசைக் கணினியில் செய்வதுபோலவே ‘ஏபிடி-கெட்’ கட்டளை கொடுத்து மென்பொருளை ஏற்றலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலக வழங்கி நள்ளிரவில் விழுந்தபோது உறவினர் திருமண மண்டபத்தின் வாசலில் நின்றபடி அதிலிருந்தே சரிசெய்திருக்கிறேன். சாப்பாட்டுப் பந்தி தவறிப்போனதுதான் மிச்சம்.

2011 பிப்ரவரியில் நோக்கியா தன் திறன்பேசிகளுக்கு மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஃபோனைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. என்900 போன்றவற்றுக்கு எதிர்காலம் இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. வழக்கமான கைப்பேசியாக இருந்தால் அதோடு இழுப்பறைக்குள் போயிருக்கும். ஆனால் அதன் கதவுகள் பூட்டப்படாமல் இருந்தன. ஆர்வலர்கள் அதன் வன்பொருளுக்கான ஆதரவை அதிகாரபூர்வ லினக்ஸ் கருவகத்திலேயே சேர்த்தார்கள். ‘மேமோ லெஸ்டே’ என்ற திட்டம் இன்றும் அந்தக் கருவிக்குப் புதிய இயங்குதளம் தருகிறது. 2017இல் தொடங்கிய ‘போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்’ திட்டம், ஒரு திறன்பேசி பத்து ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்ற இலக்கோடு வேலை செய்கிறது.

திறந்திருந்தால் போதும், எல்லாம் வெற்றிதான் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து ‘சிம்ப்யூட்டர்’ என்ற லினக்ஸ் கையடக்கக் கணினியை வடிவமைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து மக்களும் பயன்படுத்த வேண்டும், ஒரே கருவியை ஓர் ஊரே பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கனவு. இந்திய மொழிகளில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதியும் அதில் இருந்தது. 2004இல் கடைக்கு வந்தது. ஆனால் அதற்குள் மலிவு விலைக் கைப்பேசிகள் வெள்ளமாக வந்துவிட்டன. நல்ல யோசனை என்பதற்காக மட்டும் மக்கள் ஒரு கருவியை வாங்குவதில்லை. ஆனாலும், படிக்கத் தெரியாதவருக்குக் கருவி வாசித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் சரிதான் என்பதற்கு என் அம்மாவே சாட்சி.

கொம்பு இடம் மாறிய கதை

ஸாரஸில் நான் ஆசையோடு செய்த முதல் காரியங்களில் ஒன்று தமிழ் எழுத்துருவை ஏற்றியது. எழுத்துகள் வந்தன. ஆனால் ‘கெ’ என்று வர வேண்டிய இடத்தில் ‘க’ முன்னால் நின்றது, கொம்பு பின்னால் தொங்கியது. பெயரைத் தட்டினால் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

காரணம் எழுத்துரு அல்ல. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு குறியீடுகளாகத்தான் வைத்திருக்கிறது. ஒன்று ‘க’, இன்னொன்று ஒகரத்தின் குறி. திரையில் வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இதைச் செய்ய நடுவில் ஒரு மென்பொருள் வேண்டும். அன்றைய கையடக்கக் கருவிகள் பலவற்றில் அது இல்லை. இருந்த கருவிகளிலும் தமிழுக்கு அது வேலை செய்யவில்லை.

அந்தக் காலத்தில் நமக்கு வழிகாட்டிய முயற்சிகள் சில உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானது. சாதாரணக் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பதை நம் வீடுகளுக்குக் காட்டியது அது. அது ஒரு தனிமனிதரின் உழைப்பு. திறந்த மூலம் வேறு ஒரு பாதையில் வந்தது.

இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் எழுத்துகளைச் சரியான வடிவத்தில் அடுக்கித் தருவது ‘ஹார்ஃப்பஸ்’ என்ற திறந்த மூல மென்பொருள். பாரசீக மொழியில் ‘ஹர்ஃப்’ என்றால் எழுத்து, ‘பாஸ்’ என்றால் திறந்த. அரபு எழுத்துக்கும் தேவநாகரிக்கும் தமிழுக்கும் அது ஒன்றே. தமிழ்க் கொம்பு இடம் மாறி நிற்கிறது என்று ஒருவர் கண்டு சொல்லி, அது அங்கே ஒருமுறை திருத்தப்பட்டால், அடுத்தடுத்த பதிப்புகள் வழியாக அந்தத் திருத்தம் கோடிக்கணக்கான கருவிகளுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலிலும் போய் ‘எங்கள் மொழியையும் கொஞ்சம் கவனியுங்கள்’ என்று நிற்க வேண்டியதில்லை. சின்ன மொழிச் சமூகங்களுக்குத் திறந்த மூலம் ஏன் முக்கியம் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான்.

எம்ஆர்டியில் ஒரு பட்டறை

இப்போது எல்லார் பையிலும் இருப்பது ஆண்ட்ராய்டு, அல்லது ஐஃபோன். ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறந்த மூலம். அதன் கருவகமும் லினக்ஸ்தான். ஆனால் கடையில் வாங்கும் கைப்பேசியில் அந்த அடித்தளத்தின்மேல் கூகலின் சேவைகளும், கருவி செய்தவரின் பூட்டுகளும் சேர்ந்தே வருகின்றன. வீடு நம் பெயரில் இருக்கிறது. சில அறைகளின் சாவி மட்டும் வேறு இடத்தில்.

இருந்தாலும் இன்னும் நிறைய செய்யலாம். நான் தினமும் பயன்படுத்துவது டெர்மக்ஸ் என்ற செயலி. கைப்பேசிக்குள் ஒரு லினக்ஸ் முனையத்தைத் திறந்துவிடும். கைப்பேசியின் பாதுகாப்பை உடைக்கத் தேவையில்லை. பைத்தான், சி மொழித் தொகுப்பி, கிட் எல்லாம் கிடைக்கும். மடக்கும் விசைப்பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டால், காலையில் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் நேரத்தில் ஒரு சின்ன வேலையை முடித்துவிடலாம். பக்கத்தில் நிற்பவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்து, ஏதோ ஊடுருவல் வேலை என்று நினைத்துத் தள்ளி நிற்பதும் உண்டு. கூட்ட நேரத்தில் அதுவும் ஒரு வசதி.

அம்மாவின் செயலி பிறந்ததும் அப்படித்தான். கைப்பேசியைப் பேசவைக்க டெர்மக்ஸில் ஒரு கட்டளை இருக்கிறது. தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்து, ‘நாளை காலை ஒன்பதரைக்குக் கண் மருத்துவர்’ என்று தட்டினேன். பிஷான் நிலையத்தில் கதவு திறக்கும்போது கைப்பேசி அதை உரக்கச் சொன்னது. பெட்டியில் இருந்த இரண்டு பாட்டிமார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இது வேலைக்கு ஆகும் என்று அப்போதே தெரிந்தது. பிறகு வார இறுதிகளில் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து அதை முறையான செயலியாக மாற்றினேன்.

ஆனால் டெர்மக்ஸுக்கும் வாசல் சுருங்கியது. ஒரு செயலி தன் கிடங்கில் எழுதி வைத்த கோப்பைத் தானே நிரலாக ஓட்டக்கூடாது என்று ஆண்ட்ராய்டு 10 ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தீய நிரல்கள் பின்கதவு வழியாக இறங்கி ஓடுவதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் நிரலை இறக்கி ஓட்டுவதுதான் டெர்மக்ஸின் வேலையே. அதனால் 2020இலிருந்து பிளே ஸ்டோரில் அதைப் புதுப்பிக்க முடியாமல் போனது. பயனர்கள் எஃப்-டிராய்ட் என்ற திறந்த மூலச் செயலிக் களஞ்சியத்துக்கு மாறினார்கள். தன்னார்வலர்கள் 2010இலிருந்து நடத்திவரும் களஞ்சியம் அது. வழக்கமாக, எழுதியவர் தரும் மூலநிரலை எடுத்து அவர்களே செயலியாகக் கட்டித் தருகிறார்கள். சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்ற ஏமாற்றுக்கு அதில் வாய்ப்பு குறைவு.

பூட்டுக்கும் காரணம் உண்டு

இதுவரை படித்தவர்கள், ‘பெரிய நிறுவனங்கள் நம்மை அடக்குகின்றன’ என்று நான் முடிக்கப்போகிறேன் என நினைக்கலாம். எங்கள் மாடியின் கடைசி வீட்டில் இருக்கும் அக்காவை எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அப்படித்தான் முடித்திருப்பேன்.

அவர் சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டி சுத்தம் செய்யக் குறைந்த கட்டணம். தொடர்புகொண்டதும், முன்பதிவுக்கு இந்தச் செயலியை நிறுவுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. நிறுவினார். கேட்ட அனுமதிகளை எல்லாம் கொடுத்தார். ஐந்து வெள்ளி முன்பணம் கட்டினார். மறுநாள் காலையில் வங்கிக் கணக்கில் பல ஆண்டுச் சேமிப்பு இல்லை. அவர் அழுதுகொண்டே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் கணினி வேலை செய்பவன், ஏதாவது செய்ய முடியும் என்று நம்பினார். காவல்துறையிடம் புகார் செய்ய அழைத்துப் போனதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த மோசடி நடக்கும் விதம் எளிது. ‘அணுகல் வசதி’ அனுமதி கிடைத்துவிட்டால் ஒரு செயலியால் திரையில் இருப்பதைப் படிக்க முடியும். நமக்குப் பதிலாகப் பொத்தான்களையும் அழுத்த முடியும். குறுஞ்செய்தி அனுமதியும் இருந்தால் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய தீய மென்பொருள் மோசடிகளில் 1,899 சம்பவங்கள் பதிவாயின. இழப்பு குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி.

அதனால்தான் 2024 பிப்ரவரியில், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து கூகல் இங்கே ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. உலாவி, உரையாடல் செயலி போன்றவற்றின் வழியாக வரும் ஒரு செயலி, குறுஞ்செய்தியைப் படிப்பது, அறிவிப்புகளைப் பார்ப்பது, அணுகல் வசதியைப் பயன்படுத்துவது போன்ற அனுமதிகளைக் கேட்டால் அது நிறுவப்படாமல் தடுக்கப்படும்.

அம்மாவின் கைப்பேசியில் வந்த எச்சரிக்கையை மீண்டும் படித்தேன். வாட்ஸ்அப் வழியாக வந்த கோப்பு. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கிறது. வயதான ஒருவரின் கைப்பேசி. மகன் எழுதிய செயலிக்கும் மோசடிக்காரன் எழுதிய செயலிக்கும் கைப்பேசி எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கும்? நேர்மையாகச் சொன்னால், அன்றைக்கு அது செய்தது சரி. அக்காவின் கைப்பேசியும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பணம் தப்பியிருக்கும்.

அடுத்து வருவது

எனக்குக் கவலை தருவது இந்தத் தடை அல்ல, இதற்கு அடுத்த படி. ஆண்ட்ராய்டுச் செயலி எழுதுபவர் எல்லாரும், பிளே ஸ்டோருக்கு வெளியே கொடுப்பவர்கள் உட்பட, தங்கள் அடையாளத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று 2025 ஆகஸ்ட்டில் கூகல் அறிவித்தது. அறிவித்த திட்டப்படி, 2026 செப்டம்பரில் முதலில் நடைமுறைக்கு வரும் நான்கு நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. மற்றவை பிரேசில், இந்தோனேசியா, தாய்லாந்து. மலேசியா உள்ளிட்ட பிற நாடுகளுக்கு அதற்குப் பிறகு.

யார் எழுதியது என்று தெரிந்தால் மோசடி செய்பவர் மீண்டும் மீண்டும் புதுப்பெயரில் வருவது கடினமாகும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. எஃப்-டிராய்ட் நடத்துபவர்களோ, தங்கள் களஞ்சியத்தையே இது முடித்துவிடும் என்கிறார்கள். உலகெங்கும் இருந்து எழுதித் தரும் தன்னார்வலர்களை ஒரு நிறுவனத்திடம் போய்ப் பதிவு செய்யும்படி அவர்களால் கட்டாயப்படுத்த முடியாது. அவர்களுக்குப் பதிலாகத் தங்கள் பெயரில் பதிவு செய்தால் அடுத்தவர் செயலிக்கு உரிமை கொண்டாடியதாகிவிடும். எதிர்ப்புக்குப் பிறகு, அனுபவமுள்ள பயனர்கள் ஆபத்தை உணர்ந்து தாங்களே முடிவெடுத்து நிறுவ ஒரு தனி வழி வைக்கப்படும் என்று 2025 நவம்பரில் கூகல் கூறியது. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் தனிக் கணக்கு உண்டு என்றும், கணினியிலிருந்து கம்பிவழி நிறுவுவது தொடரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தத் தனி வழி எவ்வளவு அகலமாக இருக்கும் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். கதவுக்குப் பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வீவக வீட்டில் இரும்புக் கதவையும் சேர்த்துத்தான் பூட்டுகிறோம். ஆனால் சாவி வீட்டுக்காரரிடமும் ஒன்று இருக்க வேண்டும். பழைய ஸாரஸில் ஒரு மாணவன் கேள்வி கேட்பாரின்றிப் பத்து வரி எழுதி ஓட்டினான். அந்தப் பத்து வரிதான் அவனுக்கு வாழ்க்கைத் தொழிலானது. இன்று பதினாறு வயதில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, முதல் நிரல் எழுதுவதற்கு முன் முதல் படிவம் நிரப்ப வேண்டும் என்றால், எத்தனை பேர் படிவத்தோடு நின்றுவிடுவார்கள்?

வீட்டில் செய்யக்கூடியவை

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் இளையருக்கும் என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். வங்கிச் செயலி உள்ள கைப்பேசியில் சோதனை வேண்டாம். யாரோ அனுப்பிய செயலிக் கோப்பை எந்தக் காரணத்துக்கும் நிறுவாதீர்கள். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் ஒரு வார்த்தை அழைத்துக் கேளுங்கள்.

ஆனால் இழுப்பறையில் சும்மா கிடக்கும் பழைய கைப்பேசியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள கணக்குகளை நீக்கி, முழுமையாக அழித்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். டெர்மக்ஸை ஏற்றிப் பைத்தான் பழகலாம். லீனியேஜ்ஓஎஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் அந்த மாதிரிக்கு உண்டா என்று பார்க்கலாம். உண்டு என்றால் நிறுவனம் கைவிட்ட கைப்பேசிக்கும் புதிய ஆண்ட்ராய்டு கிடைக்கும். கெட்டுப்போனாலும் நட்டம் இல்லை. விளக்குகள் அணையும்வரை மூச்சைப் பிடித்து உட்காரும் அந்த அனுபவம் எந்த வகுப்பிலும் கிடைக்காது.

அம்மாவின் செயலியை என்ன செய்தேன்? திரும்பத் திறந்து பார்த்தேன். குறுஞ்செய்தியைப் படிக்கும் பகுதியை முழுவதும் எடுத்துவிட்டேன். அந்த அனுமதி இல்லாமலேயே வேலை நடக்குமா என்று யோசித்ததில் வழி கிடைத்தது. அம்மா குறுஞ்செய்தியைத் தொட்டுப் பிடித்து, ‘பகிர்’ என்பதை அழுத்தி என் செயலிக்கு அனுப்பினால், அந்த ஒரு செய்தியை மட்டும் அது வாசிக்கும். மற்றதைப் பார்க்க அதற்கு வழியே கிடையாது. முதலிலேயே இப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். அம்மாவின் எல்லாக் குறுஞ்செய்திகளையும் படிக்கும் உரிமை என் செயலிக்கும் எதற்கு?

கணினியோடு கம்பியால் இணைத்து நிறுவினேன். எச்சரிக்கை வரவில்லை. பகிரும் விதத்தை அம்மாவுக்கு மூன்று தடவை காட்டினேன். நான்காவது தடவை அவரே செய்தார். கைப்பேசி பேசியது: “பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி, கண் பரிசோதனை.”

அம்மா நாட்காட்டியில் பேனாவால் வட்டமிட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“கடைசி வீட்டு அக்காவுக்கும் இங்கிலீஷ் வராதே. அவங்க போன்லயும் போட்டுக் கொடுப்பியா?”

கொடுக்கலாம். ஆனால் முதலில் அவரிடம் உட்கார்ந்து, இதற்குள் என்ன இருக்கிறது, எந்த அனுமதி கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டும். இந்த முறை அவர் என்னை நம்பி மட்டும் ‘சரி’ சொல்லக்கூடாது.